டெல்டா கேமை இருண்ட அனிமேஷன் தொடராக மாற்றுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. கும்பகோணத்தில் ஒரு சிறு குழு, காவிரி டெல்டாவைக் களமாக வைத்து ஒரு ஃபேன்டசி கேம் செய்து முடித்திருக்கிறது. கடைமடை ஊர்ப் பெண் ஒருத்தி, தண்ணீர் ஏன் வரவில்லை என்று தேடி ஆற்றோரமாகவே மேற்கே போகிறாள். வழியில் ஏழு மதகுகள், மதகுக்கு ஒரு பூதம் காவல். பூதத்தை வீழ்த்தினால் மதகு திறக்கும், அடுத்த நிலப்பகுதி கிடைக்கும். இறந்துபோனால் கடைசியாக ஏற்றிய விளக்கடியில் எழுந்துகொள்வாள். இதைப் பெரியவர்களுக்கான இருண்ட தொடராக ஆறு அத்தியாயங்களில் எடுக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது, எத்தனை பேர், எத்தனை மாதம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆள்கணக்குக்கு முன்னால் கதையைப் பேசிவிடலாம். கேமைத் தொடராக்குகிறவர்கள் பெரும்பாலும் ரத்தத்தைக் கூட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, இருண்ட தொடர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது அத்தியாயத்திலேயே பார்ப்பவருக்கு ரத்தம் பழகிவிடும். அதற்குப் பதிலாக இப்படித் தேடுங்கள்: உங்கள் கேமில் ஆடுபவர் சந்தோஷமாகத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல் எது? அந்தச் செயலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? அந்த விலையைக் காட்டுவதுதான் தொடரின் வேலை.

உங்கள் கேமில் அந்தச் செயல் மதகு திறப்பது. கேமில் அது பரிசு; இசை எழும், வரைபடம் விரியும். ஆனால் டெல்டாவில் பிறந்த யாருக்கும் தெரியும், ஒரு மதகைத் தூக்கினால் இன்னொரு இடத்தில் நீர்மட்டம் இறங்கும். கல்லணையில் ஆறு நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். ஒன்றில் கூட்டினால் மற்றதில் குறைத்தாக வேண்டும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் முறைப்பாசனம் வைத்து நாள் கணக்கில் தண்ணீர் பங்கிடுகிறோம். வாய்க்கால் தலைப்பில் ராத்திரி முழுக்கக் காவல் கிடந்து, பங்கு பிசகினால் அடிதடியாகும் ஊர் இது. அப்படியானால் உங்கள் பூதங்கள் ஏன் மதகைக் காத்தன? பங்கைக் காக்கத்தான். நாயகி முதல் மதகைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் அனுப்பிய அதே இரவில், அவள் பெயரே கேட்டிராத ஒரு கிராமத்தில் நாற்றங்கால் காய ஆரம்பிக்கிறது. முதல் அத்தியாயத்தில் அவளுக்கு அது தெரியாது. மூன்றாவதில் அந்தக் கிராமத்து ஆட்கள் அவளைத் தேடி வருகிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலே தொடர் இருண்டுவிடும்.

வெற்றி பெற்ற தொடர்கள் பலவும் இந்த வேலையைத்தான் ஏதோ ஒரு வகையில் செய்திருக்கின்றன. 1989இல் வந்த மூன்றாவது கேசில்வேனியா கேமை எடுத்துக்கொண்டு 2017இல் நெட்ஃப்ளிக்ஸில் தொடர் வந்தது. கேமில் டிராகுலா என்பவர் கடைசிக் கோட்டையில் காத்திருக்கும் இலக்கு. தொடரோ அவர் மனைவி லீசாவை ஊர்ப் பாதிரிமார் சூனியக்காரி என்று எரிப்பதிலிருந்து தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதி வில்லனுக்கே போகிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு அரக்கனும் மனிதர்கள் செய்த ஒரு கொலைக்கான பதில். ஆர்கேன் தொடர் 2021இல் வந்தது. அதன் மூலமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், இரண்டு அணிகள் மோதும் ஆட்டம். அதில் வரிசையாகச் சொல்லும் கதையே கிடையாது. எழுதியவர்கள் கேமில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பெண்களின் சிறுவயதுக்குப் போனார்கள். தங்கை, அக்காவுக்கு உதவ வேண்டும் என்று வீசும் வெடிகுண்டே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொல்கிறது. கேமில் குண்டு வெடிப்பது அவளுக்கு வேடிக்கை!

இனி விட வேண்டியவை. ஏழு மதகை ஆறு அத்தியாயத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். அத்தியாயத்துக்கு ஒரு பூதம் என்று வைத்தால் மூன்றாவதில் பார்ப்பவருக்குக் கணக்கு பிடிபட்டுவிடும். 2020இல் வந்த டிராகன்ஸ் டாக்மா தொடர் ஏழு அத்தியாயங்களுக்கும் ஏழு பாவங்களின் பெயரை வைத்தது; போகும் ஊர், வரும் அரக்கன், அந்த வாரத்துப் பாவம் என்று கட்டமைப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. உங்களுக்கு மூன்று மதகு போதும். முதலாவது வெற்றி. இரண்டாவதில் விலை தெரிகிறது. மூன்றாவதைத் திறப்பதா வேண்டாமா என்பதே கடைசி இரண்டு அத்தியாயங்கள். மீதி நான்கு மதகுகளை அவளுக்கு முன்னால் வந்த யாரோ திறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். திறந்தவருக்கு என்ன ஆனது என்பது நல்ல கிளைக்கதை. ஆள்களையும் வெட்டத் தயங்க வேண்டாம். கேசில்வேனியா கேமில் நாயகனோடு சேரக்கூடிய துணைவர்கள் மூவர். தொடர் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு கிராண்ட் என்பவரை விட்டுவிட்டது. கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

விளக்கடியில் உயிர்த்தெழுவது இதைவிடச் சிக்கலானது. ஆடுபவருக்கு மரணம் என்பது அரை நிமிடத் தாமதம். பார்ப்பவருக்கு, செத்தவர் எழுவார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதன் பிறகு எந்தச் சண்டையிலும் நெஞ்சு பதறாது. ஒன்று, அதை முழுக்க எடுத்துவிடுங்கள். அல்லது தொடர் முழுவதிலும் ஒரே தடவை, நான்காவது அத்தியாயத்தில், அதுவும் நாயகிக்கு அல்லாமல் அவள் கொன்ற ஒருவருக்கு நடக்கட்டும். நான் இரண்டாவதையே தேர்வேன். கேம் ஆடியவர்கள் விளக்கைப் பார்த்ததும் நாயகிக்காகக் காத்திருப்பார்கள். எழுவது வேறு ஆள். கேமில் இரண்டு முடிவுகள் இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேமில் குறைவானவர்கள் தேர்ந்தெடுத்த முடிவு பெரும்பாலும் நாடகத்துக்குப் பொருந்தும்; உங்களிடம் சேமித்த தரவு இருந்தால் பாருங்கள். கேமில் கிடைக்கும் பொருட்களின் விவரக்குறிப்புகளில் எழுதிவைத்த புராண வரலாற்றைத் தொடக்கத்தில் பின்னணிக் குரலில் ஓட்ட வேண்டாம்.

பூதங்களின் வடிவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவின் சொத்தே இதுதான். கொம்பு, சிறகு, கவசம் என்று வெளிநாட்டு அரக்கர்களை வரைந்துவிட்டு நெற்றியில் பட்டை போட்டால் யாருக்கும் ஒட்டாது. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையைத் திறந்து புகாரின் ஐந்து மன்றங்களைப் படியுங்கள். அவற்றில் நான்கு இவை. குளித்தால் உடற்குறை தீரும் பொய்கை ஒன்று. பித்தையும் நஞ்சையும் போக்கும் நெடுங்கல் ஒன்று. பொய்ச்சாட்சி சொல்பவரையும் போலித் துறவிகளையும் கயிற்றால் கட்டிப் புடைத்து உண்ணும் பூதம் நிற்கும் சதுக்கம். அரசன் நீதி தவறினால் வாய் பேசாமல் கண்ணீர் விடும் பாவை. ஒரு கேம் வரைபடமே அங்கே இருக்கிறது! அந்தப் பூதம் தன்னிச்சையாக யாரையும் தின்பதில்லை. குற்றம் பார்த்துத் தண்டிக்கிறது. உங்கள் மதகுப் பூதத்துக்கு இந்த நியாயம் வேண்டும். அழும் பாவையை நான் உங்கள் இடத்தில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துவேன்: ஒவ்வொரு மதகு திறந்த பிறகும் அவள் கடக்கும் ஊரில் ஒரு கற்பாவையின் முகம் நனைந்திருக்கட்டும், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். மணிமேகலையில் இந்திர விழா மறந்ததால் புகாரைக் கடல் கொள்கிறது. கொடுத்த வாக்கை ஊர் மறந்தால் நீர் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய முன்கதை வேண்டாம்.

பேய்களுக்குக் கலிங்கத்துப்பரணி. அதைப் பாடிய சயங்கொண்டார் திருவாரூர்ப் பக்கத்துத் தீபங்குடிக்காரர் என்பார்கள். அதில் வரும் பேய்களுக்கு ஒரே நோக்கம் பசி. வற்றி உலர்ந்து காளியிடம் முறையிடும். போர் முடிந்த களத்தில் கூழ் காய்ச்சிக் காளிக்குப் படைத்துத் தாங்களும் உண்ணும். பசித்த பேய்களுக்குப் பயமும் இரக்கமும் ஒன்றாக வரும். தண்ணீர் நின்ற நாட்டில் வயிறு ஒட்டிய பேய்களைவிடப் பொருத்தமான கூட்டம் எது?

பிரம்மாண்டத்தைக் காட்டுவதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் துவாரபாலகர்களைப் பாருங்கள். யானையை ஒரு பாம்பு விழுங்குகிறது. அந்தப் பாம்பு அவருடைய கதாயுதத்தில் சுற்றிக் கிடக்கிறது. யானையின் அளவு நமக்குத் தெரியும், அதிலிருந்து படிப்படியாக அவர் எவ்வளவு பெரியவர் என்று மனம் கணக்குப் போடுகிறது. பூதத்தை வெறுமனே கீழிருந்து அண்ணாந்து காட்டுவதைவிட இந்த முறை வலுவானது: கொக்கு, மாட்டுவண்டி, தென்னை, பூதத்தின் முழங்கால். சிறு சட்டகத்தில் சண்டையை எப்படி அமைப்பது என்பதற்குத் தஞ்சைக்கு அருகே உள்ள புள்ளமங்கை கோயிலின் சிற்றுருவ ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைவது) கலைஞர் அங்கே ஒரு நாள் உட்கார்ந்து வரையட்டும்.

நிலத்தில் ஒரு கஷ்டம் இருக்கிறது. இருண்ட ஃபேன்டசிக்குப் பழகிய காட்சிமொழி மலை, அடர்காடு, கோட்டை. டெல்டா தட்டை. ஒளிந்துகொள்ள இடமில்லை, வானமோ பெரியது. அதை மறைக்கப் பார்க்காமல் பயன்படுத்துங்கள்: அடிவானக் கோட்டைச் சட்டகத்தின் கீழ்க் கால்வாசியில் வைத்தால் ஆள் சிறுத்து வானம் அழுத்தும், வருகிற ஆபத்து மூன்று கிலோமீட்டர் தூரத்திலேயே புள்ளியாகத் தெரியும், மெதுவாக வளரும். மறைவு வேண்டுமானால் மார்கழிப் பனி, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அறுப்புக்கு முந்தைய சம்பா வயல். நீர் பயங்கரமாக வேண்டுமானால் 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனபோது வந்த செய்திப் படங்களைப் பார்த்து வரையுங்கள். உடைந்த மதகின் ஊடே நீர் பாயும் விதம் கற்பனையில் வராது.

இப்போது கணக்கு. 22 நிமிட அத்தியாயம் வேண்டாம். 11 நிமிடம் எடுங்கள். ஆறு அத்தியாயம் 66 நிமிடம். கேசில்வேனியாவின் முதல் பருவமே வெறும் நான்கு அத்தியாயங்கள்தான், படமாக எழுதிய கதையைப் பிரித்தது. 11 நிமிடம் என்றால் 660 நொடி. ஷாட் சராசரி 4 நொடி என்று வைத்தால் 165 ஷாட். ஷாட்டுக்கு மூன்று நான்கு கட்டம் வீதம் ஸ்டோரிபோர்டில் ஐந்நூறு, அறுநூறு கட்டங்கள். ஒருவர் நாளைக்கு 25 முதல் 30 வரைந்தால் ஓர் அத்தியாயத்துக்கு நான்கு வாரம். இருவரை வையுங்கள்.

கட்டங்களைத் தற்காலிகக் குரலோடு நேரக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பது அனிமேட்டிக். இங்கேதான் சிறு குழுக்கள் தோற்கின்றன. அனிமேட்டிக் முடியாமல் ஆசையில் அசைவு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பிறகு படத்தொகுப்பில் இருபது ஷாட்டைத் தூக்கி எறிய வேண்டிவரும். அனிமேட்டிக்கில் ஒரு ஷாட்டை வெட்ட ஒரு நிமிடம் போதும், அசைவு முடிந்த ஷாட்டை வெட்டினால் ஒருவரின் பல நாள் உழைப்பு போகும். ஆறு அத்தியாயத்தின் அனிமேட்டிக்கையும் முடித்து, தொடர்ந்து 66 நிமிடம் ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு அசைவுக்குப் போங்கள்.

அசைவுக்கு ரிக் முறையே, அதாவது பாத்திரத்துக்குள் மூட்டுகள் வைத்துப் பொம்மைபோல அசைப்பதே, உங்களுக்கு ஏற்றது. நல்ல ரிக் இருந்தால் ஓர் அனிமேட்டர் வாரத்துக்கு ஏறத்தாழ 30 நொடி தருவார். முழுக்கக் கையால் வரைந்தால் ஐந்து முதல் பத்து நொடி. 660 நொடிக்கு 22 ஆள்-வாரம், ஆறுக்கும் சேர்த்து 132. நான்கு அனிமேட்டர் என்றால் 33 வாரம். திருத்த வேலைக்கு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் 38 வாரம். முன்தயாரிப்புக்கு ஆறு மாதம், கூட்டுவேலையும் (பின்னணி, பாத்திரம், ஒளி எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது) ஒலியும் அசைவோடு பாதி ஒட்டிப் போக மூன்று மாதம். மொத்தம் ஒன்றரை ஆண்டு. இதைவிடக் குறைவாக யாராவது சொன்னால், எந்த வேலையைக் கணக்கில் விட்டார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் 40 நொடியை மட்டும் கையால் வரைய ஒதுக்குங்கள், அந்த அத்தியாயத்தின் உச்சத்துக்கு. நொடிக்கு 24 ஃப்ரேமில், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் 480 படங்கள். சிறு குழுவுக்கு இது எட்டும்.

கேமில் செய்த முப்பரிமாணப் பொருட்கள் பயன்படும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. மதகு, கோயில், படகு போன்றவற்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குக் கொண்டுபோய், கேமரா கோணம் அமைத்து, அதன் மேல் கையால் வண்ணம் தீட்டிப் பின்னணி ஆக்கலாம். ஒரு பின்னணியை மூன்று ஷாட்டுக்குப் பயன்படுத்தினால் அத்தியாயத்துக்கு 55 போதும். பாத்திரங்களை அப்படியே கொண்டுவர முடியாது. கேமில் கேமரா முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகத்தில் ரிக் குறைவாக இருக்கும். அண்மைக் காட்சியில் பொம்மை என்று தெரிந்துவிடும். நொடிக்கு 60 ஃப்ரேமில் சுழலும் நடை அசைவை 24க்கு இறக்கினால் எடையில்லாமல் மிதக்கும். நடையைப் புதிதாகச் செய்யுங்கள். மென்பொருளுக்குப் பணம் இல்லையென்றால் பிளெண்டரின் கிரீஸ் பென்சில், கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் மூன்றும் இலவசம், மூன்றுமே தொழில்தரமானவை.

இருட்டைப் படத்தில் கொண்டுவருவதில் நுட்பப் பிரச்சினை ஒன்று உண்டு. நீங்கள் இருட்டறையில் நல்ல மானிட்டரில் வண்ணம் பார்ப்பீர்கள். பார்ப்பவர் மத்தியான வெயிலில், பேருந்தில், ஃபோனில் பார்ப்பார். அவருக்குக் கருப்புத் திரையும் தன் முகமும்தான் தெரியும். இரவுக் காட்சியிலும் முகத்தின் ஒளிமதிப்பு நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே போக வேண்டாம். இருட்டை முகத்தைச் சுற்றிக் கட்டுங்கள். அகல் தரையில் இருந்தால் ஒளி மோவாய்க்குக் கீழிருந்து வரும், மாடத்தில் இருந்தால் பக்கவாட்டில் வரும். விளக்கு எங்கே என்று ஒவ்வொரு ஷாட்டிலும் முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்தது, 8 பிட் வண்ணத்தில் இருண்ட வானத்தை மெல்ல மங்கவிட்டால் ஒளிபரப்புச் சுருக்கத்தில் படிப்படியாகப் பட்டை விழும். கூட்டுவேலையை 16 பிட்டில் செய்து, 10 பிட்டில் மாஸ்டர் எடுத்து, இருண்ட பரப்புகளில் மணல் தூவியது போன்ற மெல்லிய புள்ளிகள் (கிரெய்ன்) சேர்த்தால் பெருமளவு அடங்கும். எல்லாக் காட்சியும் இருட்டாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கதையின் மிகக் கொடுமையான காட்சி, சித்திரை வெயிலில் வெடித்த வயலில் நடக்கட்டும்.

குரலை அசைவுக்கு முன்பே பதிவு செய்யுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வாயசைவில் தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும்: ப, ம வரும்போது உதடு மூட வேண்டும், குறைந்தது இரண்டு ஃப்ரேம், அப்பா, அம்மா என்று இரட்டிக்கும்போது நான்கு ஃப்ரேம். ஒலிக்கு ஒரு ஃப்ரேம் முன்பே உதடு மூடினால் பொருந்தித் தெரியும். மனிதர்கள் டெல்டாப் பேச்சில் பேசட்டும். பூதம் மட்டும் பழைய தமிழில், குறைவாக. இசையில் தவிலையும் நாதஸ்வரத்தையும் மங்கலத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தனித் தவில் மெதுவாக விழும்போது அச்சம் தரும். நெட்ஃப்ளிக்ஸ் வசன ஒலியளவை மைனஸ் 27 எல்.கே.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவில் கேட்கிறது, யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14க்குச் சமன் செய்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கலவை வேண்டும்.

உரிமைப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்தவர் வரைந்தது வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிறுவனத்துக்குச் சொந்தம். வெளியாளாக வரைந்து கொடுத்த ஓவியரின் உரிமையையும், இசையமைப்பாளரின் உரிமையையும் எழுத்தில் மாற்றி வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. அந்த எழுத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். கேமுக்காக வாங்கிய ஒப்பந்தத்தில் தொடர் என்ற சொல்லே இருக்காது. கடையில் வாங்கிய மாடல்கள், எழுத்துருக்கள், ஒலிகள் ஆகியவற்றின் உரிமத்தையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஓடிடியில் வெளியானால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகை குறிக்க வேண்டும். யு/ஏ 16+ போதுமா, ஏ தேவையா என்பதைத் திரைக்கதை நிலையிலேயே முடிவெடுங்கள்.

இவ்வளவும் தொடங்குமுன் மூன்று நிமிடச் சோதனைத் துண்டு ஒன்று செய்யுங்கள்: 45 ஷாட், இரண்டு அனிமேட்டருக்கு மூன்று வாரம், எல்லாம் சேர்த்து இரண்டு மாதம். இரண்டாவது மதகுக் காட்சியை எடுங்கள். சண்டையை அரை நிமிடத்துக்குள் முடித்து, மீதி நேரத்தை மதகு திறந்த பிறகு நடப்பதற்குக் கொடுங்கள். கேமை ஆடாத பத்துப் பேருக்கு ஃபோனில் காட்டுங்கள். இவள் யார், இந்தப் பூதம் என்ன என்று கேட்டால் பரவாயில்லை, அது அத்தியாயத்தில் தீரும். தண்ணீர் போன ஊருக்கு என்ன ஆச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையென்றால், ரிக்கையும் வண்ணத்தையும் விட்டுவிட்டுத் திரைக்கதைக்குத் திரும்புங்கள்.